திருமணத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மென்பொருள் நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் தைரியம்தான். ஆனால் புனேயில், கோர்படியில் என் மாமனார் குடியிருக்கும் அடுக்குமாடிச் சொசைட்டியில் பால்காரர் உட்பட எல்லோருக்கும் இது தெரியும். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏழு வருடத்துக்கு முன் நான் நிக்டியில் ஒரு அறையில் இருந்தேன். வேலை, சோதனைப் பிரிவில். அதாவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்து, ‘இது அழுந்தவில்லை’ என்று எழுதி அனுப்புவது. அந்தச் சமயத்தில் கணினிப் பாதுகாப்பைப் பற்றி ஒரு வீடியோவை அலுவலகத்தில் எல்லோரையும் கட்டாயமாகப் பார்க்க வைத்தார்கள். பாதி நேரம் தூங்கினேன். முடிவில் பத்துக் கேள்வி, ஒரு சான்றிதழ். அதைப் படம் எடுத்துக் கோயம்புத்தூரில் இருந்த அம்மாவுக்கு அனுப்பினேன். (அனுப்பாமல் இருந்திருக்கலாம்.)

அடுத்த வாரமே என் ஜாதகத்தோடு அந்தப் படமும் வரன் பார்க்கும் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது. “பையன் கம்ப்யூட்டர் பாதுகாப்புல பெரிய ஆளுங்க” என்று அம்மா போனில் சொல்வதைக் கேட்டால், நாட்டின் எல்லையையே நான்தான் கீபோர்டால் காத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

நான்கு வீடுகள் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தன. ஐந்தாவது, அபர்ணா. போசரியில் ஓர் இயந்திர வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்தாள். இரண்டு முறை போனில் பேசியிருந்தோம். என் நகைச்சுவைக்கு அவள் சிரித்தாள். அது என் வாழ்க்கையில் புதிது. இந்த வீடு மட்டும் கைநழுவக் கூடாது என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயம்புத்தூரிலிருந்து வந்த அப்பா, அம்மாவோடு பெண் பார்க்கக் கோர்படி போய் இறங்கினேன். கேட்டில் வாட்ச்மேன் எங்களை நிறுத்தி, இன்டர்காமில் மேலே கூப்பிட்டு, மூன்று பேர் வந்திருக்கிறார்கள், விடலாமா என்று இந்தியில் கேட்டார். “அரே, ஆனே தோ!” என்று எங்களை வரவிடச் சொல்லி ஒரு குரல் முழங்கியது. பதிவேட்டில் எழுதிக்கொண்டு விட்டார்.

“நம்மளயே நிறுத்தி வெச்சு விசாரிக்கறாங்க பாரு கண்ணு” என்றாள் அம்மா.

முழங்கியவர் அபர்ணாவின் அப்பா சுந்தரம். ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இருந்த காலம் முழுக்க ஓர் ஆணிகூடக் கையெழுத்தில்லாமல் வெளியே போனதில்லை என்பதை, நாங்கள் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்துக்குள் இரண்டு முறை சொன்னார். ஓய்வுக்குப் பிறகு, சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜாதகம் பார்ப்பதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கி வைத்திருந்தார். ஹாலில் லேப்டாப், உள்ளறையில் பெரிய கம்ப்யூட்டர். இரண்டிலும் அதுதான்.

“நேத்துதான் புது வெர்ஷன் போட்டேன். ரெண்டு பேர் பொருத்தத்தையும் இப்பவே பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்துடறேன். தோ மினிட்” என்று லேப்டாப்பைத் திறந்தார்.

மென்பொருள் திறந்தது. கூடவே திரை நடுவில் ஒரு பெட்டி குதித்தது. இந்தச் செயலியின் சில வசதிகளை ஃபயர்வால் தடுத்திருக்கிறது, இதை நெட்வொர்க்கில் அனுமதிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. கீழே இரண்டு பட்டன்: ‘அலோ’, ‘கேன்சல்’.

“இது என்ன தம்பி புதுசா?” என்று அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“நம்ம கார்த்திகிட்டக் கேளுங்க. அவன் படிப்பே அதுதானுங்க” என்றாள் அம்மா.

நான் எழுந்தேன். அந்த நடையை நினைத்தால் இன்றும் காது சிவக்கிறது. ஆபரேஷனுக்குப் போகும் டாக்டர்போல முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன்.

“அங்கிள், ஜாதகம் பார்க்கற சாஃப்ட்வேருக்கு நெட்வொர்க்ல என்ன வேலை? ராசிக்கட்டத்துக்கு எதுக்கு வைஃபை? உங்க டேட்டாவ யாரோ வெளிய எடுக்கப் பார்க்கறாங்க” என்றேன்.

“அப்படியா?” என்று அவர் முகம் வெளுத்தது. கோர்படித் தமிழர்களின் பிறந்த நேரமெல்லாம் அதில் இருந்தது.

‘கேன்சல்’ அழுத்தினேன். உடனே இன்னொரு பெட்டி, இது தமிழில்: ‘உரிமம் உள்ள கணினியிடமிருந்து பதில் இல்லை.’

“பார்த்தீங்களா, மாட்டிக்கிச்சு” என்றேன். எது எதில் மாட்டியது என்று எனக்கே தெரியாது. “அந்தக் கம்ப்யூட்டரையும் பார்த்துடலாம் அங்கிள்.” உள்ளறையில் அந்தப் பெரிய கம்ப்யூட்டரிலும் அதே எச்சரிக்கை எனக்காகக் காத்திருந்தது. அங்கேயும் ‘கேன்சல்’. இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஹாலுக்குத் திரும்பி வந்து, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்: “அங்கிள், இது ஒரிஜினல்தானே? திருட்டுக் காப்பின்னாத்தான் பொதுவா இப்படி வரும்.”

அதுவரை சாபுதானா (ஜவ்வரிசி) வடையை விட்டுத் தலையே நிமிராத என் அப்பாகூட நிமிர்ந்தார்.

சுந்தரம் எழுந்து போனார். பீரோவைத் திறந்து, மென்பொருள் வந்த பெட்டியையும், கவர் போட்டுப் பத்திரப்படுத்திய உரிமச் சீட்டையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “படிங்க. யார் பேரு போட்டிருக்கு?” என்றார். பேச்சில் ‘தம்பி’ காணாமல் போயிருந்தது.

“சுந்தரம்னு போட்டிருக்கு, அங்கிள்.”

அவர் லேப்டாப்பில் ‘தொடர்க’ என்பதை அழுத்திப் பிரிண்ட் கொடுத்தார். தாள் வெளியே வந்ததும் அம்மா ஆசையாக வாங்கினாள். இரண்டு ராசிக்கட்டம், எங்கள் இருவர் பெயர். அதற்கு மேல் மூலைக்கு மூலை கோணலாக, கொட்டை எழுத்தில் ஒரு வரி.

“ஏனுங்க, இதென்னமோ எழுதியிருக்குதே... ‘மாதிரிப் பிரதி. திருமணத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.’” அம்மாவின் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. “தெய்வமே சொல்லுதுங்களா?”

அபர்ணாவின் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன். ஐந்தாவது வீடும் போயிற்று, அதுவும் என் ஆள்காட்டி விரலாலேயே.

அப்போதுதான் அபர்ணா டீ டிரேயோடு வந்தாள். தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அரே தேவா! கேன்சல் பண்ணீங்களா?”

“ஆமா.”

“உள்ள இருக்கறதுலயும்?”

“...ஆமா.”

“அப்பா, தாம்பா” என்று மராத்தியில் அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு டிரேயை என் அம்மாவின் மடியருகே வைத்தாள். (மணப்பெண் வெட்கத்தோடு நீட்டும் டீயை எனக்கு யாரும் தரவில்லை. நானே எடுத்துக் குடித்தேன்.)

“எங்க ஆபீஸ்ல டிசைன் சாஃப்ட்வேர் எல்லாம் இப்படித்தான்” என்றாள், தடுக்கித் தடுக்கி வரும் புனே தமிழில். “லைசென்ஸ் அந்தப் பெரிய கம்ப்யூட்டர்கிட்ட இருக்கு. லேப்டாப் திறந்தா, ‘எனக்கு ஒண்ணு இருக்கா?’ன்னு நெட்வொர்க்ல அதைக் கேக்கும். அது வெளிய போற டேட்டா இல்ல, வீட்டுக்குள்ளயே பேசறது. பதில் உள்ள வர்றதுக்குக் கதவு திறக்கணும் இல்லியா? அதுக்குத்தான் ஃபயர்வால் கேக்குது. நம்ம வாட்ச்மேன் மாதிரி. ஆள் வந்தா, விடவான்னு இன்டர்காம்ல கேப்பான்.”

“ஆனா இத்தனை நாள் கேக்கலியே?” என்றார் சுந்தரம்.

“புது வெர்ஷன் அவனுக்குப் புது ஆள், அப்பா. மறுபடி கேப்பான். இவர் வேணாம்னுட்டார். அவன் ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சுட்டான். இனிமே அந்த ஆள் வந்தா இன்டர்காமே பண்ண மாட்டான். லைசென்ஸ் கிடைக்கலேன்னா சாஃப்ட்வேர் மாதிரிப் பிரதிதான் அடிக்கும், அதான் அந்த வரி.”

அம்மா மெதுவாகக் கேட்டாள்: “அப்போ தெய்வம் சொல்லலீங்களா?”

“இல்ல ஆன்ட்டி. இவர்தான் சொன்னார்.”

இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபயர்வாலின் பட்டியலுக்குள் போய், நான் போட்ட தடையைத் தேடி அழித்தாள். உள்ளே இருந்ததில் அவளே ‘அலோ’ கொடுத்துவிட்டு வந்து லேப்டாப்பில் மென்பொருளைத் திறந்தாள். அதே பெட்டி குதித்தது. வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் என்று ஒரு டிக் போட்டாள். பிறகு மௌஸை என் பக்கம் தள்ளினாள்.

“இப்ப நீங்க அழுத்துங்க.”

மொத்த ஹாலும் என் விரலைப் பார்த்தது. பன்னிரண்டு வருட வேலையில் நான் சரியாக அழுத்திய பட்டன் அது ஒன்றுதான். கோணல் வரி இல்லாத சுத்தமான தாள் வந்தது. பத்துக்கு ஏழு. நான் சுந்தரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உரிமச் சீட்டைத் திரும்ப வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான், “பரவால்ல, உக்காருங்க மாப்பிள்ளை” என்றார்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து அபர்ணாவிடம் கேட்டேன், அன்றைக்கே என்னை ஏன் வேண்டாமென்று சொல்லவில்லை என்று. “சொல்லத்தான் வந்தேன். ஆனா கேன்சல் பண்ணா அப்புறம் அது திரும்பக் கேக்காதே. அதான் கொஞ்சம் யோசிச்சேன்” என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

முதல் தாளை மாமனார் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு திருமண நாளுக்கும் அது வெளியே வரும். எங்கள் ஐந்து வயது மகளுக்கு மராத்தி சரளமாக வரும், தமிழ் எழுத்துத்தான் தகராறு. ஆனால் அந்தக் கோணல் வரியை மட்டும் தாத்தா சொல்லிக்கொடுத்து மனப்பாடம்.

போன ஞாயிற்றுக்கிழமை அபர்ணாவும் மகளும் மாமனார் வீட்டுக்கு முன்னால் போய்விட, நான் காய்கறிப் பைகளோடு பின்னால் போனேன். கேட்டில் புது வாட்ச்மேன். இன்டர்காமில் என் பெயரைச் சொல்லி, விடவா என்று கேட்டார். மேலிருந்து மாமனார், “கேன்சல் கரோ!” என்று கத்திவிட்டுச் சிரித்தார். புது ஆளுக்கு வேடிக்கை புரியவில்லை. பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டு, நான் எவ்வளவு கெஞ்சியும் மறுபடி இன்டர்காமைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் அபர்ணா இறங்கி வந்து கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. கூடவே ஓடிவந்த மகள் வாட்ச்மேனிடம் என்னைக் கைகாட்டி, திருத்தமான தமிழில் சொன்னாள்: “திருமணத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.”

நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.