மூங்கிலின் முற்பிறவி

உண்மையைச் சொன்னால் வியாபாரம் வளரும் என்று சொன்னவன் என் கையில் கிடைத்தால் தொலைத்துவிடுவேன். (சொன்னது நானேதான். அதுதான் இன்னும் எரிச்சல்.)

மில் வேலையை விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் பழைய மூங்கிலில் கட்டில், முக்காலி செய்து விற்கும் கடை போட்டேன். கட்டடத்துக்குச் சாரம் கட்டியது, தக்காளிச் செடிக்கு ஊன்றியது, கல்யாணப் பந்தலுக்கு நட்டது என்று எந்த மூங்கிலையும் வீணாக்க மாட்டேன். நான் செய்தது உடைந்தாலும் என்னிடமே திருப்பித் தரலாம், வேறு பொருளாக்கித் தருவேன். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும்: 'முற்பிறவி: தக்காளித் தோட்டம், ஒட்டன்சத்திரம்.' பெரிய அறிவாளி என்று நினைப்பு. ஆறு மாதத்தில் ஐந்து முக்காலி விற்றது. அதில் மூன்று, மச்சான் என்மேல் இரக்கப்பட்டு வாங்கியது.

அப்போதுதான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலுக்கு நாற்பது கட்டில் வேண்டும், மாதிரி பார்க்க வருகிறேன் என்று அதன் மேனேஜர் போன் செய்தார்.

"இந்த ஆர்டரும் வரலைன்னா, திங்கக்கெழம பேசாம மில் பஸ்ஸுல ஏறிருங்க" என்றாள் என் மனைவி செல்வி.

மாதிரிக் கட்டிலுக்கு நீளமான மூங்கில் இரண்டு குறைந்தது. அந்த வாரம் கன்னிவாடியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு. எல்லாரும் அழுதார்கள். நான் பாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக முற்றிய மூங்கில், கோணலே இல்லை. சுடுகாட்டில் அதை உருவி ஓரமாக எறிந்ததும், அங்கே வேலை பார்த்தவரிடம் கேட்டேன்.

"எடுத்துக்க அப்பு. இதைக் கேட்டு வந்த மொத ஆளு நீதான்."

அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

மேனேஜர் வந்தார். ஆள் ஆறடி. கட்டிலில் மல்லாந்து படுத்து, கைகளை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

"நீளம் கச்சிதமா இருக்கேப்பா! நாப்பதும் இதே மூங்கில்லயே கெடைக்குமா?"

"ஒண்ணொண்ணாத்தான் சார் கெடைக்கும்."

தலைமாட்டில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் படித்தார். 'முற்பிறவி: பாடை. ஒரே ஒருமுறை பயன்படுத்தியது.'

"பாடைன்னா... எந்தப் பாடை?"

"நம்ம பாடைதான் சார். பயப்படாதீங்க, அரை மணி நேரந்தான் ஓடுச்சு. செத்தவரும் ஒல்லியான ஆளு."

துள்ளி எழுந்தார். வாசலில் நான் மூங்கில் ஊறவைக்கும் தொட்டிக்கு நேரே போய், சட்டை பேன்ட்டோடு நாலு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட பைக்கில் ஏறிப் போனார். (அது மூங்கிலை வண்டு அரிக்காமல் இருக்க மருந்து கலந்த தண்ணீர். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரே உண்மை அதுதான்.)

திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

அந்தக் கட்டிலை ஒருவரும் வாங்கவில்லை. வீட்டில் நான்தான் படுக்கிறேன். நல்ல கட்டில், இன்றைக்கும் சொல்வேன், ஒரு கிரீச் சத்தம் கிடையாது. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்து கொஞ்சம் அசந்துவிட்டால் போதும், செல்வி தலைமாட்டில் வந்து நிற்பாள்.

"எந்திரிக்கிறீங்களா, இல்ல தூக்குறதுக்கு நாலு பேருக்குச் சொல்லி விடவா?"