ஒன்பது சிலிண்டருக்கும் ஒரே பந்தி

போளூர், கொடைக்கானல் மலை,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி மாப்பிள்ளை குமாரவேல் அவர்களுக்கு, பழனியாண்டவர் துணையோடு மாமனார் பழனிமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உங்கள் அத்தை கருப்பம்மாள் சுகம். பிள்ளை பெற வந்த வேலுத்தாயும் கைப்பிள்ளையும் சுகம். காட்டில் நிற்கிற உருளைக்கிழங்கும் இந்த நிமிஷம் வரைக்கும் சுகம். இன்ஜினுக்கு மட்டும் உடம்பு சரியில்லை. மெட்ராஸில் நீங்களும் உங்கள் விமானக் கொட்டகையிலுள்ள மற்ற இன்ஜின்களும் சுகமா என்று மறு தபாலில் எழுதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களை வரச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. லீவு கிடைக்காத உத்தியோகம் என்று தெரிந்துதான் பெண்ணைக் கொடுத்தோம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த விமானத்தின் மூக்கை இன்ஜினும் விசிறியுமாகக் கழற்றி, லாரியிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்து, என் காட்டு மேட்டில் மரச்சட்டம் அடித்து நிறுத்தியது யார்? "காத்து அலையுற எடத்துல உறைபனி உட்காராது மாமா, இந்த விசிறி சுத்துனா ஒரு செடி கருகாது" என்று சொன்னது யார்? நான் பேர் சொல்லவில்லை. போன வருஷம் நீங்கள் சொன்னபடியே நடந்தது, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஊரில் எல்லார் காடும் வெந்த கீரையாகக் கிடந்தபோது நம் காடு மட்டும் பச்சையாக நின்றது, நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இந்த வருஷம் பனி இன்னும் இறங்கவில்லை. ஆனால் வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கிறது, இலை அசையவில்லை, எந்த விடியலிலும் இறங்கிவிடும். அன்றைக்கு இன்ஜின் ஓடாவிட்டால் கிழங்கு போச்சு, வருஷச் சோறு போச்சு. ஆகையால் நோயை நான் விவரமாக எழுதுகிறேன், மருந்தை நீங்கள் எழுதுங்கள்.

மழை நின்றதும் முதல் தடவையாக ஓட்டிப் பார்த்தோம். அடியில் இருக்கிற சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருக்கும், கையால் சுற்றி வெளியேற்றாமல் ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே வளைந்துபோகும் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. பக்கத்துக் காட்டுத் திருமலைச்சாமி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விசிறியைத் தள்ளிச் சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினோம். புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது, ஆனால் ஓட்டத்தில் ஒரு சின்ன இருமல். "மேகம் எறங்கி வயரெல்லாம் நனஞ்சு கெடக்குப்பா, வெயில் பட்டாச் சரியாப் போகும்" என்றாள் வேலுத்தாய். கைப்பிள்ளைக்காரிக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டோம். உங்கள் அத்தையோ இது திருஷ்டிதான் என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை சந்தனம் பூசி, விசிறியின் நடுவே எலுமிச்சம்பழத்தைக் கட்டி ஓட்டினோம். பழம் பிய்த்துக்கொண்டு போய்த் திருமலைச்சாமியின் நெற்றியிலேயே அடித்தது. "ஏலே பழனிமுத்து, திருஷ்டி இஞ்சினுக்கா எனக்காலே?" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். நல்ல மனுஷன், அன்று சாயங்காலமே காப்பி குடிக்க வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு யாரையும் நம்பாமல் நானே பீடி பற்றவைத்துக்கொண்டு இன்ஜினுக்கு எதிரே உட்கார்ந்தேன். ரேடியல் என்று நீங்கள் சொல்லும் அந்த வட்டத்தில் ஒன்பது சிலிண்டரும் சாப்பிட உட்கார்ந்த சம்பந்திகளைப் போல் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நெருப்புப்பொறி கொண்டுபோக முன்னால் ஒரு வயர், பின்னால் ஒரு வயர். பொறி எந்த வரிசையில் போகிறதென்று வயரைத் தடவிக்கொண்டே போனால், மாப்பிள்ளை, எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது! முதல் சிலிண்டருக்குக் கொடுக்கிறது, இரண்டைத் தாண்டி மூன்றுக்குப் போகிறது, நாலைத் தாண்டி ஐந்துக்குப் போகிறது. இது என்ன பந்தி வஞ்சனை? நம் வீட்டு விசேஷத்தில் ஒரு இலையை விட்டு மறு இலைக்குச் சோறு போட்டால் சும்மா விடுவோமா? என் பெரியப்பா மகன் கல்யாணத்தில் அப்படிப் பரிமாறினவன் கையில் பிடித்த கரண்டியோடு மலை இறங்கினான். பசியோடு காத்திருக்கிற சிலிண்டர் இருமாமல் பாட்டா பாடும்? வெள்ளைக்காரன் யுத்த அவசரத்தில் மாட்டியிருப்பான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானே குறடு எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒருத்தர் மனமும் நோகாமல் முன்வரிசை வயர் அத்தனையையும் ஒழுங்காக மாற்றி மாட்டினேன். பின்வரிசைக்குக் கை எட்டவில்லை. இதற்காக நீங்கள் என்னை மெச்ச வேண்டாம்.

நோய் முற்றியது அதற்கு அப்புறம்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எது முன்னே எது பின்னே என்று தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மறுநாள் ஓட்டினால் இன்ஜின் ஆளையே ஆட்டுகிறது, மரச்சட்டம் கிடுகிடுவென்று நடுங்குகிறது, நடுநடுவே மூச்சு விடுகிற பக்கமாக டமார் டமார் என்று வேட்டு. அன்றைக்கென்று பார்த்தா திருமலைச்சாமி மகளைப் பொண்ணு பார்க்க ஆடலூர்க்காரங்க வந்து உட்கார்ந்திருந்தாங்க. முதல் வேட்டுக்குத் தாம்பாளம் கவிழ்ந்தது, இரண்டாவது வேட்டுக்கு மாப்பிள்ளைப் பையன் கட்டிலுக்கு அடியில போயிட்டான். "வேட்டுக்கே கட்டிலுக்கு அடியில போறவன் எனக்கு வேண்டாம்"னு அந்தப் புள்ள ஒரே சொல்லாச் சொல்லிருச்சு. அதிலிருந்து திருமலைச்சாமி என் வீட்டுக் காப்பி குடிக்க வருவதில்லை. நான் காட்டுக்கு வந்தால் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு களை பிடுங்குகிறான். அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

பிறகு கொடைக்கானலிலிருந்து லாரி மெக்கானிக் சுப்புராஜைக் கூட்டிவந்தேன். அவன் இன்ஜினைச் சற்று ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாயிலும் தண்ணீர் தெளித்தான். வேலை செய்த குழாய் சூட்டில் சுர்ரென்னும், வேலை செய்யாதது சும்மா இருக்கும், அதுதான் கணக்காம். "இந்தா, இது சுர்ருங்குது. இது சும்மா கெடக்கு. இதுவும் சும்மா கெடக்கு" என்று வந்தவன், மறுபடி ஓட்டிப் பார்த்தால் வேறு குழாய் சும்மா கிடக்கிறது. தலையைச் சொறிந்துகொண்டு, "யாராச்சும் வயரத் தொட்டுக் கெடுத்தீங்களா மொதலாளி?" என்று கேட்டான். கெடுத்தீங்களாவாமே! "ஒருத்தரும் கெடுக்கல" என்று சொன்னேன், அது சத்தியம். கடைசியில் இது மலைக்காற்று ஒத்துக்கொள்ளாத இன்ஜின் என்று சொல்லிவிட்டு, ஒரு சிப்பம் பூண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். போன வருஷம் ஒத்துக்கொண்ட காற்று இந்த வருஷம் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை, வரச் சொல்லவில்லை என்று மேலே எழுதினேன். அது அப்போது எழுதியது. பிள்ளை பிறந்தது என்று தந்தி அடித்தும் லீவு தராத உங்கள் பெரிய மெக்கானிக், இன்ஜின் என்றால் உயிரை விடுகிறவர் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஒன்பது சிலிண்டர் இருமுகிறது என்று கேட்டால் அவரே உங்களை ரயிலேற்றிவிடுவார். நீங்கள் வெரசா வந்தால் கிழங்கு பிழைக்கும். நானும் எத்தனை நாள்தான் உங்கள் அத்தையோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பது?

நீங்கள் தீர்க்காயுசாக, கை நிறையக் கிரீஸும் வீடு நிறையப் பிள்ளைகளுமாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமனார்,
பழனிமுத்து

பின்குறிப்பு: என்னங்க, இது வேலுத்தாய் எழுதுறது. இங்கிலீஷில் விலாசம் எழுதச் சொல்லி அப்பா கடுதாசியை என்கிட்ட கொடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்காங்க. இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. அப்பா சந்தைக்குப் போயிருந்தப்ப முன்வரிசை வயரையெல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது, ரெண்டு, நாலு, ஆறு, எட்டுன்னு மாட்டி, அம்மாவையும் திருமலைச்சாமி மாமாவையும் விசிறியைச் சுத்தச் சொல்லி ஓட்டிப் பார்த்தேன். ஒரு இருமல் இல்ல, ஒரு வேட்டு இல்ல. மாமா சிரிச்ச சிரிப்புல கோவமெல்லாம் போயிருச்சு. அப்புறம் அப்பா மாட்டின மாதிரியே திரும்ப மாட்டி வெச்சுட்டேன். பனி எறங்குனா நானே வெள்ளனே எழுந்திரிச்சு மாத்தி ஓட்டிக்கிடுவேன், நீங்க பயப்பட வேண்டாம். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழிச்சுட்டு, மேல உள்ளதை உங்க பெரிய மெக்கானிக்கிட்ட காட்டுங்க. நீங்க மடியில வெச்சுத்தான் பேர் வைக்கணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அதுவரைக்கும் நம்ம பையனை எல்லாரும் "ஏலே"ன்னுதான் கூப்பிடுறோம். நேத்து ரோட்டுல யாரோ யாரையோ "ஏலே"ன்னு கூப்பிட்டதுக்கு இவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.