தட்டில் மிஞ்சிய ஒரு துண்டு

"எடுக்காதே! அந்தத் தட்டை எடுக்காதே!"

கிரிசாந்தோ நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். பக்கத்து மேஜைத் தட்டைத் தூக்கப்போன உணவகப் பணிப்பெண் ஜோவெலின் மிரண்டு நின்றாள்.

"என்ன அண்ணே, ஈ விழுந்திருக்கா?"

"ஒரு துண்டு கோழி மிஞ்சியிருக்கு!"

"எந்த மேஜையிலதான் மிஞ்சலை?"

உண்மைதான். பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஊரில் தட்டின் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. எடுத்தவன் வெட்கங்கெட்டவன். "நீங்க எடுங்க", "ஐயோ, நீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் சற்று முன் மேனேஜர் தெல்மா சொன்னது கிரிசாந்தோவின் காதில் விழுந்திருந்தது. "இன்னிக்குப் புது மசாலா. ஒரு மணிக்குள்ள ஒரு துண்டு மிஞ்சிச் சமையலறைக்குத் திரும்பி வந்தாலும், நாளையிலேர்ந்து பழைய மசாலாதான்."

மணி பன்னிரண்டரை.

மனைவி நெனிதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க, உட்காருங்க. அப்புறம் நான்தான் அவஸ்தைப்படணும்."

"எலுமிச்சைப்புல் வாசம் எப்படித் தூக்குது பாரு! மணிலாக்காரன் கனவுலகூடக் கண்டிருக்க மாட்டான்!"

அவன் தட்டில் இருந்ததோ வாழைப்பழக் கெச்சப் ஊற்றிய வெறும் சோறு.

பக்கத்து மேஜையில் நான்கு வங்கி ஊழியர்கள்.

"கோழி நல்லாருக்கா?"

"பிரமாதம் அண்ணே!"

"அப்ப ஏன் விட்டீங்க?"

நால்வரும் நெளிந்தார்கள். மூத்தவர் மரியாதைக்குச் சொன்னார். "வாங்களேன், எங்களோட சாப்பிடுங்க."

இதற்கு, "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பதுதான் ஊர் அறிந்த பதில். கிரிசாந்தோ உட்கார்ந்தே விட்டான். கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். எலும்புதான் மிஞ்சியது.

அங்கேதான் வினை. "விருந்தாளிக்குப் பத்தலையே!" என்று பதறிய மூத்தவர் இன்னொரு வாளிக் கோழி வரவழைத்தார். ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். மறுபடியும் ஒரு துண்டு மிஞ்சியது.

கழுத்தைச் சொறிந்துகொண்டே அதையும் தின்றான்.

அடுத்து, கூடைப்பந்து ஆடிவிட்டு வந்த பையன்கள் மேஜை. அங்கே இரண்டு துண்டு. "மாமா, வீட்ல சோறு போடலியா?" என்றான் ஒருவன். அந்த அவமானத்தையும் சேர்த்து விழுங்கினான். சன்னலோரம் ஒரு கிழத் தம்பதி. அங்கே ஒரே ஒரு தொடைத் துண்டு, அவன் கண்ணுக்கு மலைபோல் இருந்தது. அதையும் கடித்து இழுத்தான்.

"போதுங்க, சாமி!" நெனிதா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மணி ஒன்று அடித்தது. இடுப்பில் கை வைத்து எதிரே வந்து நின்றாள் தெல்மா.

"ரெண்டு மேஜையிலேர்ந்து புகார். அடுத்தவங்க தட்டுல கை வைக்கிறீங்களாம். யாருய்யா நீங்க? போட்டிக் கடை ஆளா?"

கிரிசாந்தோ சுற்றிலும் பார்த்தான். எல்லா மேஜைகளிலும் வெறும் எலும்பு. நெஞ்சை நிமிர்த்தி எழுந்தான். பேசத்தான் முடியவில்லை. உதடு பூரி மாதிரி உப்பியிருந்தது. முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு. ஆனாலும் தேர்தலில் ஜெயித்தவன் போல நின்றான்.

சமையலறைச் சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள் ஜோவெலின்.

"மேடம், அவரை விட்டுடுங்க! உள்ளே அந்த மசாலா அரைச்ச புது சமையல்காரப் பொண்ணு அழுவுது. அது அவரோட மகளாம். கோழி உடம்புக்கு ஆகாதுன்னு இருபது வருஷமா அவர் வாயில வச்சதே இல்லையாம்!"