மாத்திரைக்குக் கூறு போட்ட கதை

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எஸ்.எஸ்.சி. தேறிய முதல் ஆள் நான். அதனால், என்னால் விளக்க முடியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது என்று அப்போது உறுதியாக நம்பினேன். பதுளையில் ஒரே காலைப்பொழுதில் அந்த நம்பிக்கை காலியானது.

இரத்தசோகைக்கு வந்த புது மாத்திரையைத் தோட்டத்துப் பெண்களிடம் சோதித்துப் பார்க்க, யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவருக்கு உதவியாள் தேவைப்பட்டது. நான் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் முன்பே, "எம் மக டாக்டரம்மாகிட்ட வேலை பாக்குறா" என்று அம்மா கொழுந்து மலை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். (வேலை கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போகும் லுணுகலை பஸ்ஸில் ஏறாமல், எதிர்த்திசையில் எல்ல ஊர்ப் பக்கம் ஓடிவிட வேண்டியதுதான்.)

டாக்டரம்மாவோடு, கொழும்பு மருந்துக் கம்பெனியிலிருந்து வந்த கோட்டுக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். எதிரே, சோதனைக்கு வந்த நான்கு பெண்கள். ஆளுக்கொரு பொட்டலம்.

"பாதிப் பொட்டலத்தில மருந்து, மிச்சத்தில வெறும் மா மாத்திரை. ஏனெண்டு இவையளுக்கு விளங்கப்படுத்தும், பாப்பம்" என்றார் டாக்டரம்மா.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ரெண்டு பேருக்கு மருந்து இருக்கும், ரெண்டு பேருக்கு இருக்காது. யாருக்கு எதுன்னு டாக்டரம்மாவுக்கே தெரியாது."

"ஐயோ பாவம்! யார்கிட்டயாச்சும் கேட்டுக்கிட்டா என்ன?" என்றார் நால்வரில் ஒருவரான ராக்காயி அக்கா.

"தெரிஞ்சா, மருந்து திங்கிறோங்கிற நெனப்புலயே பாதி சொகமாயிரும்க்கா. சொகப்படுத்துனது மருந்தா, நெனப்பான்னு எப்புடிக் கண்டுபுடிக்கிறது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். படித்தவள் நிறுத்துவாளா?

"தீவாளிக்கு ஆடு வெட்டிக் கூறு போட்டு, எந்தக் கூறு யாருக்குன்னு பாக்காம எடுக்குறோம்ல? அந்த மாதிரிதான்."

சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துக் கோட்டுக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கூறுன்னா எல்லாத்துலயும் ஈரலும் இருக்கணும், எலும்பும் இருக்கணும். இவளுக்கு ஈரலு, எனக்கு வெறும் எலும்பா? நல்லாருக்கே நாயம்!"

திரும்பிப் பார்த்தால், நான்கு பொட்டலமும் ராக்காயி அக்காவின் முந்தானையில் கொட்டிக் கலக்கப்பட்டு, நான்கு கூறுகளாகிக்கொண்டிருந்தன. கோட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிரிச்சு வைங்கக்கா!" என்று அலறினேன்.

"எதை எதுலேருந்து பிரிக்க? எல்லாம் ஒண்ணு போலயில்ல இருக்கு!"

(அதற்காகத்தானே ஒன்று போலச் செய்திருந்தார்கள்!)

அழுகை வந்துவிட்டது. "இப்புடிக் கலந்துட்டா, அந்த மருந்து நல்லதா கெட்டதான்னு யாருக்குமே தெரியாமப் போயிரும்க்கா."

அக்கா யோசித்தார். "நல்லதுன்னு தெரிஞ்சா, மாவு தின்னவளுக்கும் பொறவு குடுப்பாங்களா? அதக் கேளு."

கேட்டேன். கோட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா தயங்கவில்லை. "கட்டாயம் குடுப்பம்."

"அப்பச் சரி. வேற பொட்டலம் கொண்டாங்க!"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தேன். "நில்லும் பிள்ளை" என்றார் டாக்டரம்மா. பிறகு கோட்டுக்காரரிடம், "இதுக்கு முதல் வேலை கேட்டு வந்தவை சொன்னதுக்கு இவையள் சும்மா தலையாட்டினவை. இந்தப் பிள்ளை சொன்னது விளங்கினபடியாத்தான் நியாயம் கேட்டவை" என்றார்.

என் கண்ணுக்கு அவமானம் மட்டுமே தெரிந்த இடத்தில் அவருக்கு வேறொன்று தெரிந்தது. எத்தனையோ பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். அப்படிப் பார்க்கத் தெரிந்த இன்னொருவரை நான் காணவில்லை. வேலை கிடைத்தது, ஆட்டுக்கறி உதாரணம் சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

இன்றும் தீபாவளியன்று கறிக் கூறு வீட்டுக்கு வந்ததும், தம்பி சட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்பான்: "இதுல மருந்து இருக்காம்மா?"

அம்மா நிமிராமலே சொல்வார்: "டாக்டரம்மாவுக்கே தெரியாதுடா!"