பின்னறையில் பங்க்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று காது மிஷின்காரர் முடிவு செய்தார். கல்யாணமான பிறகு அவர் எடுத்த முடிவுகள் ஏராளம். எல்லாம் மனைவியின் காதுக்குப் போகும் முன்பே காலமாகிவிட்டன.

விஷயம் இதுதான். மனைவியின் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். 'கொஞ்ச நாள்' பின்னறையில் வந்து தங்கப் போகிறாராம். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஊராரை எல்லாம் சீட்டிலிருந்து எழுப்பியே சம்பளம் வாங்கியவர். தான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்ததாக மட்டும் சரித்திரம் இல்லை. போன தடவை அவர் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவதற்குள் வீட்டில் காலண்டரை மாற்ற வேண்டியிருந்தது.

மிஷின்காரருக்கு அந்த அறை ஒன்றுதான் போக்கிடம். நாளெல்லாம் கடையில், சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் காது மந்தமானவர்களை உட்காரவைத்து, ஒலியைக் கூட்டிக் கூட்டி, "இப்போ கேட்குதா?" என்று கேட்டு அலுத்து வருவார். வீட்டில் தன் பேச்சு யாருக்காவது கேட்கிறதா என்று சோதிக்கத் தெம்பு இருக்காது. பின்னறைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் அவர் அனுபவித்த சுகம். அதற்கும் இப்போது ஆள் வருகிறது.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் சிக்கியது. நரைத்த தலைமுடியைப் பின்னால் முடிந்திருந்த ஒரு வாடிக்கையாளர் சோதனைக்கு வந்தார். முன்னாளில் டிரம்ஸ் வாசித்தவர். காது எப்படிப் போயிற்று என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, அதன் பாட்டுகளுக்குத்தான் காதைக் கொடுத்தேன் என்றார். பங்க் ராக் என்கிற காட்டுக்கத்தல் சங்கீதப் படம். தமிழில் சொன்னால், 'கதவைச் சாத்து'. வந்த வாரமே தியேட்டர்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்களாம். அப்புறம் ரசிகர்கள் ஆளுக்கு ஆள் ரகசியமாகக் கைமாற்றிக் கும்பிட ஆரம்பித்தார்களாம்.

சாப்பாட்டு இடைவேளையில் கூண்டுக்குள் உட்கார்ந்து போனில் பார்த்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடும் நான்கு பேர். முதலாளி, வீட்டுக்காரர், போலீஸ், யார் எது சொன்னாலும் "முடியாது" என்று கத்துகிறார்கள். கத்தும்போது கையில் கிடார் இருப்பதால் அது பாட்டு. கதை அவ்வளவுதான். மிஷின்காரருக்குக் கண் கலங்கியது. அப்படி ஒரு வார்த்தை மொழியில் இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

அன்று சாயங்காலமே பாட்டுகளை எல்லாம் இறக்கி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தார். திட்டம் பிறந்தது. மச்சான் வந்ததும் இதை ஸ்பீக்கரில் அலறவிட்டால், மனிதர் பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிவிடுவார். ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் தங்களை அறியாமல் கத்துவார்கள் என்று தினமும் பிறருக்கு விளக்குகிறவர்தான் அவர். ஆனாலும் இந்தத் திட்டத்தைத் தனக்குள் முணுமுணுத்ததாகவே நினைத்துக்கொண்டார். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சமையலறையில் காய் நறுக்கும் சத்தம் நின்றது.

மனைவி வந்து ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கேட்டாள்.

"என்னங்க இது, தகர டப்பா மாடிப்படியில உருள்ற மாதிரி?"

"இது பங்க்."

"நமக்குள்ள என்னங்க பங்கு? சனிக்கிழமை அண்ணன் வர்றார். அந்த அலமாரியைக் காலி பண்ணிடுங்க."

மிஷின்காரர் மூச்சை இழுத்துப் பிடித்து, "முடி..." என்றார்.

"ஆமா, நானே சொல்லணும்னு இருந்தேன். காதை மறைக்குது. அண்ணன் வர்றதுக்குள்ள வெட்டிக்கிட்டு வந்துடுங்க."

போய் வெட்டிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை மச்சான் வந்தார். பின்னறை நாற்காலியில் அமர்ந்து பேப்பரைப் பிரித்தார். மிஷின்காரர் கடையிலிருந்து தூக்கி வந்திருந்த பெரிய ஸ்பீக்கரை அறை வாசலில் வைத்து முதல் பாட்டைப் போட்டார். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. மச்சான் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவது பாட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் உத்தரத்தைத் தட்டினார். மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது, நான்கு பேரும் சேர்ந்து "முடியாது" என்று அலறும் பாட்டு. மச்சான் லேசாகக் கொட்டாவி விட்டார்.

அங்கேதான் மிஷின்காரர் சறுக்கினார். திட்டம் தூங்கிப்போய், தொழில் விழித்துக்கொண்டது. ஸ்பீக்கரை நிறுத்தினார். மச்சானின் பின்னால் போய்க் கையைத் தட்டினார். அசைவில்லை. வழக்கமான குரலில், "மச்சான், இப்போ கேட்குதா?" என்றார்.

"மழை பெய்யுதாவா? வெயில் கொளுத்துது மாப்பிள்ளை."

மிஷின்காரர் பதறிக்கொண்டு மனைவியிடம் ஓடினார். ரெண்டு காதும் அவுட் என்றார். பின்னால் பஸ் வந்தால்கூடத் தெரியாது, இந்த மனுஷரைத் தனியாக விட்டால் பாவம் நம்மைச் சேரும் என்றார். "மிஷின் மாட்டி, பழக்கி, அப்பப்போ சரி பார்க்கணும். ஆறு மாசமாவது என் கண் முன்னாலேயே இருக்கட்டும்."

மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களிடம் 'வலிக்காது' என்று சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு ஒன்று அவளிடம் உண்டு. அதைச் சிரித்தாள்.

"நீங்க சொன்னா சரிங்க. நான் எதுவும் சொல்லலை."

பிற்பகலில் மிஷின்காரர் தன் தலையணை, பழைய ரேடியோ, சாய்வு நாற்காலி எல்லாவற்றையும் தானே சுமந்து கூடத்தின் மூலையில் கொண்டுபோய் வைத்தார். மச்சான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனபோது மிஷின்காரருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. மனைவியின் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"காதுதான் போச்சு. குறட்டை அப்படியேதான் இருக்குமோ?"

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"குறட்டை விடுறதை எல்லாம் விட்டுட்டேன் மாப்பிள்ளை."

மிஷின்காரர் டம்ளரும் கையுமாக நின்றார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"எங்க அண்ணன் நான் சொன்னா கேட்பார். கேட்காதீங்கன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டார், கேட்கலை."