கல்பகத்தின் தொண்டைக்கு ஓய்வு

என் மனைவியை ஒரு வார்த்தையாவது பேசவைத்துவிடுவது என்று வெள்ளிக்கிழமை காலை தீர்மானித்தேன். எந்தக் கணவனும் எடுத்திராத தீர்மானம்!

கல்பகம் கச்சேரிப் பாடகி. மார்கழியில் சென்னைச் சபாக்கள் அழைக்கும். மற்ற மாதங்களில் எங்கள் சைனிக்புரி வீட்டில் மாணவிகளின் சுருதியைச் செப்பனிடுவாள். நான் பாதுகாப்பு ஆய்வகத்திலிருந்து ஓய்வுபெற்றவன். என் பழைய டைரக்டர் ஸ்ரீனிவாசனுக்கு ஞாயிறன்று கொண்டாப்பூரில் கிருஹப்பிரவேசம். "கல்பகம் பாடுவாள், சார்" என்று அவளைக் கேளாமலேயே வாக்களித்துவிட்டேன். செய்தியை அவளிடம் சொன்னேன். சொன்ன நொடியில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

கழுத்தில் மஃப்ளர், உதட்டில் விரல். அவள் கை காட்டியதைப் பக்கத்து வீட்டு ஜுலைகா தன் உருது கலந்த தமிழில் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கிறாங்களாம். திங்கட்கிழமை வரைக்கும் பேச்சு நக்கோ."

"திங்கட்கிழமை சரியாயிடும்னு தொண்டைக்கு எப்படித் தெரியும்?"

கல்பகம் மீண்டும் கையசைத்தாள்.

"இப்படிச் சந்தேகப்பட்டா செவ்வாய்க்கிழமை ஆயிடுமாம்."

"இவ்வளவையும் ஒரு கையசைப்பிலயா சொன்னா?"

"ஹவ் அங்கிள். இன்னும் கொஞ்சம் சொன்னாங்க. அதை நான் சொல்லமாட்டேன்."

அன்று மதியம் அதே தொண்டை குளிர்ந்த தயிரை ஒரு கிண்ணம் முழுதும் ஏற்றுக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். ஐயம் உறுதிப்பட்டது. சான்று மட்டுமே தேவை.

கல்பகத்தின் பலவீனம் எனக்குத் தெரியும். யாராவது ராகத்தைப் பிசகிப் பாடினால் அவளால் பொறுக்க முடியாது. பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் துப்பிவிட்டு வந்து திருத்துவாள். எனவே அவள் எதிரே அமர்ந்து கல்யாணி பாடத் தொடங்கினேன். அதன் மத்தியம ஸ்வரத்தை மட்டும் வேண்டுமென்றே இறக்கிப் பாடினேன். ஒருமுறை, மறுமுறை, கைகளை வீசிக்கொண்டு இன்னொரு முறை.

அவள் கண்களில் நீர் திரண்டது. உதடு துடித்தது. 'இதோ, வரப்போகிறது!' என்று குரலை உயர்த்தினேன். அவளோ கைப்பேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாளோ? கூர்ந்து பார்த்தேன், தெரியவில்லை.

சற்று நேரத்தில் ஸ்ரீனிவாசன் அழைத்தார்.

"நாராயணஸ்வாமி! இத்தனை வருஷமா மறைச்சுட்டியேய்யா!"

"எதை சார்?"

"உன் சங்கராபரணத்தை! வீடியோவை உன் ஆத்துக்காரி அனுப்பிச்சா. தொண்டை சரியில்லையாம், அவளுக்குப் பதிலா நீ பாடப்போறியாம். சம்பந்தி கேட்டுட்டு அசந்துபோயிட்டார்!"

என் மத்தியமம் இறங்கியதில் கல்யாணி முழுச் சங்கராபரணமாகவே மாறியிருக்கிறது.

"சார், அது வந்து... சும்மா வீட்டுல..."

"தன்னடக்கமெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உக்காந்துடு."

மனைவியின் பொய்யைப் பிடிக்கவே பாடினேன் என்று சொன்னால், அவளைக் கேளாமல் வாக்களித்ததையும் சொல்லவேண்டிவரும். "ஆகட்டும் சார்" என்றேன்.

கைப்பேசியை வைத்தேன். கல்பகம் மஃப்ளரைக் கழற்றி மடித்தாள். பிறகு, சபாவின் கடைசி வரிசைக்கும் மைக் இன்றிக் கேட்கும் அந்தக் கணீர்க் குரலில் சொன்னாள்:

"மிருதங்கத்துக்கு ஆள் சொல்லிட்டேன். தம்பூரா நான் போடறேன். பயப்படாம பாடுங்கோ."