கட்டில் போன சனிக்கிழமை

எழுபத்தொன்றாம் வருஷம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டில் ஒன்று அந்தக் கட்டில் இருக்கணும். இல்லை, நான் இருக்கணும்.

முடிவை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி ராஜமேரி, "அப்ப கட்டிலே இருக்கட்டும்ங்க" என்று சொல்லிவிடக்கூடியவள்.

என் பெயர் அல்போன்ஸ். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பண்டகசாலையில் குமாஸ்தா. அங்கே நான் விரலை நீட்டினால் மூட்டை நகரும். வீட்டில் நான் கத்தினாலும் முக்காலி நகராது.

கட்டில், என் மாமனார் ஞானராஜ் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர். கம்பைநல்லூரிலிருந்து வண்டி கட்டி வந்தது. பலா மரம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய அறை. அதில் முக்கால்வாசியைக் கட்டில் எடுத்துக்கொண்டது. மீதியில் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். மூன்று கால் மரம், நாலாவது கால் செங்கல். நான் திரும்பிப் படுத்தால் அது கத்தும்; தெருவே திரும்பிப் பார்க்கும். விடிந்ததும் எதிர்வீட்டுக் குள்ளம்மாள், "என்னங்க சாரு, தூக்கமே இல்லீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவமானம் தாங்காமல் நான் தரையில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தேன். கட்டில்மேல் துணி மூட்டையும், கிறிஸ்துமஸ் குடில் சாமான் பெட்டியும், ஓடாத ஒரு கடிகாரமும் சுகமாகப் படுத்துக்கொண்டன.

இதற்கு நடுவே ராஜமேரிக்கு ஒரு ஆசை. கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள். ஒரு மிஷின் வேண்டும் என்றாள்.

"எங்க வெப்பே? என் தலை மேலயா?"

"தலை காலியாத்தாங்க இருக்குது. ஆனா சரிவா இருக்குது. மிஷின் நிக்காது."

"எடமில்ல மேரி. எடம் மட்டும் இருந்திருந்தா நாளைக்கே மிஷினக் கொண்டாந்து எறக்கியிருப்பேன்."

உண்மையான காரணம் வேறு. குமாஸ்தா பெண்டாட்டி ஊருக்கு ரவிக்கை தைத்தால் ஊர் என்ன பேசும்? அதைச் சொன்னால் சண்டை வரும். இடமில்லை என்று சொன்னால் சண்டைக்கே இடமில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது.

"வர்ற சனிக்கெழமை காலைல, வூட்ல இருக்கிற வேண்டாத சாமானெல்லாம் கொண்டாந்து வாசல்ல வெச்சிடணும்! டிராக்டர் வந்து அள்ளிக்கும்!"

யாரோ பெரிய அதிகாரி ஊரைப் பார்க்க வருகிறாராம். அதற்காக ஊர் குளிக்கிறது.

பக்கத்து வீட்டு அப்துல் ஷுக்கூர், தகரப்பெட்டி செய்கிறவர். வேலி ஓரமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், பெரிய சாமான்கூட எடுப்பாங்களாம். மேசை, பீரோ... கட்டிலு."

"கட்டிலா பாய்?"

"நான் சொல்லலீங்க. டிராக்டர்காரரு சொன்னாரு."

அன்று முழுக்கப் பண்டகசாலையில் எனக்கு வேலை ஓடவில்லை. மண்டைக்குள் டிராக்டர்தான் ஓடியது.

ஒரே ஒரு தடை. ராஜமேரி. அவள் வீட்டில் இருக்கும்போது கட்டிலைத் தூக்கினால், கட்டிலோடு என்னையும் அள்ளிக்கொண்டு போகிற நிலைமை வந்துவிடும். ஆகவே தேன் தடவிய குரலில் ஆரம்பித்தேன்.

"மேரி, உங்கப்பாவப் பாத்து ரொம்ப நாளாச்சே. வெள்ளிக்கெழமை போய்ட்டு சனிக்கெழமை வாயேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"பாசம் மேரி, பாசம்!"

"சரி, போறேன். ஆனா ஒண்ணுங்க. அது எங்கப்பா குடுத்த கட்டிலு. ஊரே சாமானத் தூக்கிப் போடுதேன்னு அதுல மட்டும் கை வெச்சிடாதீங்க. அது போச்சுன்னா எங்கப்பா உசுரே போயிடும்."

கண்ணில் தண்ணீர் வேறு. "கை வெக்கவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன். அது பொய்யில்லை. காலால் தள்ளலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஷுக்கூர் பாய் சுத்தியலும் திருப்புளியுமாக வந்து நின்றார். நான் கூப்பிடவே இல்லை. அப்போதே நான் யோசித்திருக்கணும். யோசிக்கிற பழக்கம் எனக்கு ஆபீஸ் நேரத்தில் மட்டும்தான்.

கட்டில் வாசல்நிலையில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது.

"வந்தப்ப எப்படி சார் உள்ள வந்துச்சு?"

"கட்டில வெச்சிட்டுத்தான் வூட்டக் கட்டினாங்க போல!"

பாய் அதைப் பக்குவமாகப் பிரித்தார். ஒவ்வொரு சட்டமும் கழலும்போது ஒரு தனிக் குரலில் கத்தியது. எல்லாவற்றையும் வாசலில் அடுக்கினோம். கூடவே துணியில்லாத குடையும் ஓடாத கடிகாரமும்.

தெருவைப் பார்த்தால் திருவிழா. குள்ளம்மாள் ஓட்டை அண்டாவை வெளியே வைத்தாள். கையோடு எங்கள் வாசலுக்கு வந்து குடைக்கம்பியை எடுத்தாள்.

"அவரச்செடிக்கு முட்டுக் குடுக்கலாங்க சாரு."

அவளுடைய அண்டாவை நாலாவது வீட்டுக்காரர் கோழி கவிழ்க்கக் கொண்டுபோனார். அவர் போட்ட முதுகில்லாத நாற்காலி இன்னொரு வீட்டில் முக்காலியாகப் பதவி இறங்கியது. பாய் தெருவிலிருந்த தகரத்தையெல்லாம் பொறுக்கினார். ஓடாத கடிகாரம்கூட யார் வீட்டுக்கோ ஓடிவிட்டது. டிராக்டர் வருவதற்குள் தெருக் குப்பை முழுக்க வீடு மாறிக் குடிபோய்விட்டது. என் கட்டிலை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் குரல் எல்லோருக்கும் பழக்கம்.

"இது ஒண்ணுக்கா இவ்வளோ தூரம் வந்தேன்?" என்று டிராக்டர்காரர் நொந்துகொண்டார். ஏற்றினோம். வண்டி குலுங்கிக் கிளம்பியபோது கட்டில் கடைசியாக ஒரு தடவை கத்தியது. நான் கை ஆட்டி வழியனுப்பினேன்.

உள்ளே வந்தால் அறை மைதானமாக இருந்தது. நடுவில் மல்லாந்து படுத்தேன். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் உருண்டேன். சத்தமே இல்லை! அப்படியே மேரிக்குச் சொல்லவேண்டிய கதையை ஒத்திகை பார்த்தேன். அதிகாரிகள் வந்தார்கள். அதட்டினார்கள். நான் கட்டிலைக் கட்டிப்பிடித்து அழுதேன். பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் வாசலில் மாட்டுவண்டி நின்றது. மேரி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் என் மாமனார்.

உசுரே போய்விடும் என்று சொல்லப்பட்ட மனிதர் நேராக அறைக்குள் போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மாமா, அதிகாரிங்க வந்து..."

"போயிடுச்சுங்களா?"

"நான் அழுதேன் மாமா..."

"எதுக்கு அழுவுறீங்க? நல்ல காரியம் பண்ணீங்க மாப்ளே! எங்க வூட்லயே அது ஒருத்தரையும் தூங்க விட்டதில்ல. எப்படித் தள்றதுன்னு முழிச்சிட்டிருந்தோம். கல்யாணம் வந்துச்சு. கட்டிலையும் சேத்து உங்க தலைல கட்டிட்டோம்."

ராஜமேரி அறையைக் கண்ணாலேயே அளந்தாள். "எடம் சரியா இருக்குதுப்பா. எறக்கச் சொல்லுங்க."

வண்டியிலிருந்து சாக்குச் சுற்றிய ஒரு உருவம் இறங்கியது. சாக்கை அவிழ்த்தார்கள். பளபளவென்று ஒரு தையல் மிஷின்.

"போன கிறிஸ்துமஸுக்கே அப்பா வாங்கி வெச்சிட்டாருங்க. எடம் இல்லாமத்தான் அங்கயே கெடந்துச்சு. எடம் இருந்தா நாளைக்கே எறக்குவேன்னீங்களே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இன்னிக்கே எறக்கிட்டோம்."

"கட்டில்ல கை வெக்காதீங்கன்னு கண்ணு கலங்கினியே!"

"வெக்காதீங்கன்னு சொன்னாத்தானே நீங்க வெப்பீங்க."

வேலிப்பக்கம் திரும்பினேன். ஷுக்கூர் பாய் ஒரு தகரத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், நீங்களுமா?"

"கோவிச்சுக்காதீங்க சார். எங்க வூட்டு வஹிதாதான் என்னைச் சொல்லச் சொல்லுச்சு. வஹிதாகிட்ட உங்க வூட்டம்மா சொன்னாங்க. நான் வெறும் தகரம் சார். தட்டினாங்க, சத்தம் குடுத்தேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தபோது உள்ளேயிருந்து மிஷின் சத்தம் கேட்டது. மேரி ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. என்ன திட்ட நினைத்தேன் என்பது மறந்துவிட்டது.

சாயங்காலம் வஹிதா சீட்டித்துணியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் குள்ளம்மாள். அவளுக்குப் பின்னால் தெரு. ஊர் என்ன பேசும் என்று பயந்தேனே, ஊர் எதுவும் பேசவில்லை. வரிசையில் நின்று அளவு கொடுத்துக்கொண்டிருந்தது.

குமாஸ்தாவின் கம்பீரத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"மேரி, எனக்கொரு காப்பி..."

"போட்டுக்கங்க," என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. குள்ளம்மாக்கா, உங்களுக்கு?"

"சக்கரை மட்டும் கம்மியா இருக்கட்டுங்க சாரு."

எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.